கடுக்கன் போட்டவர் படம் இருந்த பெட்டி

திருச்சி விமான நிலையத்தில் பெல்ட் நின்றுவிட்டது. நான்கு பெட்டிகளில் மூன்றுதான் வந்திருந்தன. வராத நான்காவதில் ஐயாவின், அதாவது என் அப்பாவைப் பெற்றவரின், படம் இருந்தது.

லண்டனில் ஏறி, நடுவில் ஒரு விமானம் மாறி வந்திருந்தோம். ஐந்தாம் நாள் தேவகோட்டை வீட்டில் அப்பச்சிக்கு, என் அப்பாவுக்கு, எண்பதாம் வயதுச் சாந்தி. ஐயா ரங்கூன் மொகல் தெருவில், நம்மவர்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கியில் இருந்த காலத்தில் எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் மிச்சம். 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது கால்நடையாகப் புறப்பட்டவர், வேட்டித் துணியில் சுற்றி அதைக் கொண்டுவந்தார். போன முறை நான் அதை லண்டனுக்கு எடுத்துப்போய், பூஞ்சை நீக்கி, ஓரங்களை ஒட்டி, சட்டம் போட்டு வைத்திருந்தேன். கைப்பையில் கொண்டுவந்திருக்க வேண்டும். சட்டம் பெரிதாக இருந்ததால் இரண்டு கம்பளிகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியில் போட்டேன். அது என் தவறு.

விமான நிறுவனத்தின் மேசையில் இருந்த இளைஞர் களைத்துப்போயிருந்தார். “அடுத்த விமானத்தில் வந்துவிடும் சார். போன் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள், நாங்களே கூப்பிடுகிறோம்” என்றார். கூட வந்த மூன்று குடும்பத்தினர் அப்படியே துண்டுச்சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் போகவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் அம்மான் மகன் முன்பு இப்படிப் போய்விட்டு, புகாருக்கு ஆதாரமே இல்லாமல் மாதக் கணக்கில் அலைந்தவன். “பி.ஐ.ஆர். பதிவு செய்து கையில் வாங்காமல் வெளியே காலை வைக்காதே” என்று அவன் சொன்னது நினைவில் இருந்தது.

பி.ஐ.ஆர். என்பது பெட்டி வரவில்லை, உடைந்துவிட்டது என்று விமான நிறுவனமே பதிவு செய்து தரும் அறிக்கை. அதற்கு ஓர் எண் உண்டு. முதல் மூன்று எழுத்து விமான நிலையத்துக்கு, திருச்சி என்றால் டி.ஆர்.இசட்.; அடுத்த இரண்டு விமான நிறுவனத்துக்கு; பிறகு ஐந்து இலக்கங்கள். உலகின் பெரும்பாலான விமான நிறுவனங்கள் சேர்ந்து பயன்படுத்தும் ‘வேர்ல்டு டிரேசர்’ என்ற கணினிப் பதிவில் அது ஏறினால்தான், எங்கோ கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டியோடு நம் புகார் பொருந்தும். துண்டுச்சீட்டில் எழுதிய போன் எண் எந்தக் கணினியிலும் ஏறாது.

இருபது நிமிடம் நின்று பதிவு செய்ய வைத்தேன். போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டியிருந்த பத்து இலக்க ஸ்டிக்கரைக் கேட்டார், கொடுத்தேன். பெட்டியின் நிறம், வகை எல்லாம் ஓர் அட்டையில் படம் போட்டு இருந்தது, தொட்டுக் காட்டினேன். கறுப்பு, நான்கு சக்கரம், கைப்பிடியில் பழைய கண்டாங்கிச் சேலையின் கரைத்துணி கட்டியது. உள்ளே என்ன என்று கேட்ட இடத்தில் பலரும் ‘துணிமணி’ என்று எழுதிவிடுகிறார்கள். எல்லாப் பெட்டியிலும் துணிமணிதானே இருக்கும்? நான் எழுதினேன்: “சட்டம் போட்ட பழைய கறுப்பு வெள்ளைப் படம். வேட்டி கட்டிய ஆண், தரையில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு காதிலும் கடுக்கன்.”

புதுக்கோட்டை, திருமயம் கடந்து காரைக்குடி வந்து சேரும்வரை காரில் யாரும் பேசவில்லை. வீட்டில் ஆத்தா முகப்பிலேயே நின்றிருந்தார். “படம் எங்கேப்பா?” என்றுதான் முதலில் கேட்டார். பட்டாலைக் கூடத்துச் சுவரில் ஆணி அடித்து, சந்தனப் பொட்டுகூட வைத்திருந்தார்கள்.

அன்று மாலை காரைக்குடியில் எனக்கு இரண்டு வேட்டி, சட்டை, செருப்பு வாங்கினேன். ரசீதுகளை ஒரு உறையில் போட்டுவைத்தேன். பெட்டி தாமதமானதால் அவசரத்துக்கு வாங்கும் பொருளின் செலவை விமான நிறுவனத்திடம் கேட்கலாம்; ரசீது வேண்டும்.

மூன்றாம் நாள் காலை ஒரு பெண் கூப்பிட்டார். நாங்கள் விமானம் மாறிய ஊரில், டேக் கிழிந்துபோன கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கிறதாம். திறந்து பார்த்தவர்கள் எழுதியிருந்த குறிப்பை அவர் திரையில் பார்த்துப் படித்தார். “சார், உள்ளே ஒரு பெரியவர் படம் இருக்கிறதா?”

“பெரியவர் இல்லை அம்மா. அந்தப் படத்தில் அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். காதில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “தோடு போட்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறது சார்.”

தோடு இல்லை, கடுக்கன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆத்தாவிடம் போனைக் கொடுத்துவிட்டு வளவில், உள் முற்றத்தில், உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த நாள் பெட்டி திருச்சிக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து தனியாக வரும் பெட்டி சுங்கச் சோதனையைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். நேரில் போகலாம், முடியாவிட்டால் பூட்டுச் சாவியும், அதிகாரக் கடிதமும், பாஸ்போர்ட் நகலும் கொடுத்து அனுப்ப வேண்டும் என்றார்கள். வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகவும் சொன்னார்கள், ஆனால் அதற்கு இரண்டு நாள் ஆகும். மறுநாள் விடிந்தால் சாந்தி. நானே போனேன். போக நூறு கிலோமீட்டருக்கு மேல், வர அதே தூரம். சுங்க அதிகாரி கம்பளியைப் பிரித்து, படத்தைப் பார்த்து, எந்த ஊர் என்று கேட்டார். ரங்கூன் என்றேன். கம்பளியை அவரே திரும்பச் சுற்றிக் கொடுத்தார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

கண்ணாடி ஒரு மூலையிலிருந்து குறுக்காக விரிந்திருந்தது. படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாட்டினோம். மாலை போட்டுக்கொண்டு நின்ற அப்பச்சி, தன்னைவிட ஐம்பத்தைந்து வயது இளையவராக இருந்த தன் தகப்பனாரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்கு வழக்கையும் சொல்லிவிடுகிறேன், ஊருக்கு வருகிறவர்களுக்குத் தேவைப்படும். இந்தியாவும் பிரிட்டனும் 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையில் இருக்கின்றன. அதன்படி பெட்டியோ பொருளோ சேதமானால் கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதம் என்றால், பெட்டி கிடைத்த 21 நாளுக்குள். வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் வரவில்லை என்றால் தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கேட்கலாம். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்.; பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு அது, நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். அது வரம்புதான், அவ்வளவும் தானாகக் கிடைத்துவிடாது. நான் கண்ணாடி விரிசலைப் படமெடுத்து இரண்டாம் நாளே அனுப்பினேன். துணி, செருப்புச் செலவும் கண்ணாடிச் செலவும் வந்துவிட்டன. கார் வாடகையைத் தர மறுத்துவிட்டார்கள். நியாயமில்லை என்று மறுபடி எழுதியிருக்கிறேன்.

துண்டுச்சீட்டோடு போன அந்த மூன்று குடும்பங்களைத்தான் அடிக்கடி நினைக்கிறேன். ஒருவர் கையில் மருந்துப் பை இல்லாமல் நின்றார்.

திரும்பும் நாளில் எங்கள் வீட்டுப் பெரியவரான ஆச்சி எங்களுடன் லண்டனுக்கு வந்தார்கள். பாதுகாப்புச் சோதனைத் தட்டில் மூக்குக் கண்ணாடியை விட்டுவிட்டு வந்து, வாசலருகே உட்கார்ந்த பிறகுதான் தேடினார்கள். இந்த முறை எங்கே கேட்பது என்று எனக்குத் தெரிந்திருந்தது. விமானத்துக்குள் விட்டால் விமான நிறுவனம். நாற்காலியிலோ தள்ளுவண்டியிலோ விட்டால் விமான நிலைய நிர்வாகம். சோதனைத் தட்டில் விட்டால் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை. கண்டெடுத்த பொருள்களின் பட்டியலை அந்தப் படை தன் இணையதளத்திலும் போடுகிறது என்பதால், ஊர் போய்ச் சேர்ந்த பிறகு நினைவு வந்தாலும் பார்க்கலாம். பணியில் இருந்த பெண் காவலர் சட்டத்தின் நிறம் கேட்டார், உறையின் நிறம் கேட்டார். “உறைக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா?” என்றார். “பிள்ளையார்பட்டி விபூதிப் பொட்டலம்” என்றார்கள் ஆச்சி. காவலர் உறையைத் திறந்து பார்த்துவிட்டுப் பதிவேட்டை நகர்த்தினார். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரியைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள்.