இ.எம்.எஃப். 30 வாங்கலாமா?

இ.எம்.எஃப். என்ற பழைய அமெரிக்க நிறுவனம் செய்த 1910-ஆம் ஆண்டு இ.எம்.எஃப். 30 டூரிங் கார் (திறந்த பயணக் கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். வாங்கலாமா என்று நண்பர் கேட்கிறார். நான்கு சிலிண்டர், 226 கன அங்குல எஞ்சின், வலப்பக்க ஸ்டியரிங், பின்சக்கரங்களுக்கு மட்டும் பிரேக் எல்லாம் அவருக்குத் தெரிந்தவைதான். கியர்பாக்ஸைப் பற்றித்தான் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இதில் கியர்பாக்ஸ் எஞ்சினை ஒட்டி இருக்காது. பின் அச்சோடு சேர்ந்தே இருக்கும். ஓட்டுநர் கையிலுள்ள நெம்புகோலிலிருந்து நீளமான கம்பிகள் அதுவரை போகின்றன. சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அச்சோடு கியர்பாக்ஸும் சேர்ந்து அசையும். அதனால் கார் தன் எடையோடு தரையில் நிற்கும்போதுதான் அந்தக் கம்பிகளின் நீளத்தைச் சரிபார்க்க வேண்டும். என்னிடமும் ஓர் இ.எம்.எஃப். 30 உண்டு. சென்ற மாதம் அதை நான் நம்பி விட்ட பட்டறையில் காரின் அடிச்சட்டகத்தைத் தூக்கி நிறுத்தி, அச்சு தொங்கிக்கொண்டிருக்கும்போதே கம்பிகளை முடுக்கிக் கொடுத்துவிட்டார்கள். மேடேறும்போது இரண்டாவது கியர் கழன்றுகொண்டது. போய்க் கேட்டால், “இ.எம்.எஃப். என்றாலே தினமும் காலையில் ரிப்பேர்தானே” என்று பதில்! E.M.F. என்ற எழுத்துகளை ‘Every Morning Fix-it’ என்று விரித்த நூறாண்டுப் பழைய கேலி. தங்கள் கைத்தவறை மறைக்க அதுதான் கிடைத்தது.

அந்தக் கேலி காரணமில்லாமல் பிறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் வந்த கார்களில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுழற்றப் பம்பு கிடையாது. சூடேறிய தண்ணீர் தானாகவே சுழலும் என்று விட்டுவிட்டார்கள். எஞ்சின்கள் கொதித்தன. நிறுவனம் அவற்றைத் திரும்ப அழைத்துப் பம்பு பொருத்திக் கொடுத்தது. 1908-இல் டெட்ராயிட்டில் எவரிட், மெட்ஸ்கர், ஃபிளாண்டர்ஸ் என்ற மூவர் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. ஃபோர்டின் உற்பத்திப் பிரிவை நடத்திவிட்டு வந்தவர் ஃபிளாண்டர்ஸ். விற்பனையைக் கையில் எடுத்த ஸ்டூடிபேக்கர் என்ற வண்டி நிறுவனத்தோடு சண்டை மூண்டது. கடைசியில் ஸ்டூடிபேக்கரே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. 1913 மாடல்களில் இ.எம்.எஃப். என்ற பெயரே இல்லை. ஆனால் 1911-இல் அமெரிக்க விற்பனையில் ஃபோர்டுக்கு அடுத்த இடம் இ.எம்.எஃப். கார்களுடையது. அதே ஆண்டு அமெரிக்காவின் சவன்னா நகரில் டீட்மன் கோப்பை கார்ப் பந்தயத்தையும் வென்றார்கள். டெட்ராயிட்டின் பிக்கெட் அவென்யூவில் ஃபோர்டின் பழைய ஆலை இன்று அருங்காட்சியகம். பக்கத்திலிருந்த இ.எம்.எஃப். ஆலை 2005-இல் எரிந்து போனது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

கம்பிகளை நானே தரையில் படுத்துச் சரிசெய்தேன். இப்போது கியர் விழும் சத்தமே தனி. முழு எடையோடு நான்கு பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் திணறாமல் மேடேறுகிறது. பின் அச்சில் இவ்வளவு கனம் இருப்பதால் கரடுமுரடான சாலையில் பின்னிருக்கைக்காரர்களுக்கு இடுப்பு நோகும். அதற்காக இந்தக் காரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1,250 டாலருக்கு 1909-இல் இப்படி ஒரு காரைக் கட்டிக் கொடுத்தவர்கள் பெரிய மனிதர்கள்.

இருந்தாலும், நண்பரே, வாங்காதீர்கள். அச்சுக்கு அடியில் நீங்களே படுக்கத் தயாராக இல்லையென்றால், இதைத் தெரியாத கைகளிடம்தான் கொடுப்பீர்கள். அவர்கள் கெடுத்துவிட்டு, பழியைக் காரின் மேல் போடுவார்கள். அதை இன்னொரு முறை கேட்க எனக்குப் பொறுமை இல்லை.