காற்றாலையா, சூரியத் தகடா? ஆரல்வாய்மொழியில் நின்று ஒரு கணக்கு

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்கு வழியாகப் பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் அடர்ந்து நிற்பது அதனால்தான்.

விலையில் சூரியத் தகடு முந்திக்கொண்டது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் சூரிய மின்சாரம் யூனிட்டுக்கு 1.99 ரூபாய் வரை இறங்கியது. காற்றாலை மின்சாரம் 2017 டிசம்பரில், அதே குஜராத்தில், தொட்ட விலை 2.43 ரூபாய். பராமரிப்பும் தகட்டுக்கே எளிது: தூசி போகக் கழுவினால் பெரும்பாலும் போதும்.

நம்பகத்தில்தான் சிக்கல். தகடு எப்போது ஓயும் என்பது தெரியும். ஆனால் வீடுகளில் விளக்கேற்றும் நேரத்தில்தான் அது ஓய்கிறது. ஆடியில் மேகம் மூடினால் பகலிலும் தளர்கிறது. காற்றாலையோ அந்த மாதங்களில் நள்ளிரவிலும் சுழல்கிறது. அதன் குறை வேறு. காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது! ஐப்பசிக்குப் பிறகு பல நாள் இறக்கைகள் அசையாமல் நிற்பதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அதனால் இரண்டுக்குமே சேமிப்பு தேவை. மிச்ச மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று நிலையம் போல இன்னும் பல வேண்டும். ஆனாலும் இந்தக் கணவாய்க்கு நான் காற்றாலையையே சொல்வேன். குட்டைக் கோபுரத்தில் 250 கிலோவாட் தரும் பழைய எந்திரங்கள் நல்ல காற்றுள்ள இடங்களை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. முதலில் அவற்றை மாற்ற வேண்டும்.