ஏறிவந்த அணியையே நம்புவதா, புது அணி வாங்குவதா?

இங்கிலாந்துக் கால்பந்தின் உச்சப் பிரிவான பிரீமியர் லீக்குக்குக் கீழ்ப்பிரிவிலிருந்து ஏறிவரும் கிளப்பின் முன்னால் அந்தக் கோடையில் இரண்டு வழிகள்: ஏறவைத்த ஆட்டக்காரர்களையே பெரும்பாலும் வைத்துக்கொள்வது, அல்லது ஆட்களை மொத்தமாக மாற்றுவது.

முதல் வழிக்கு 2019-20 ஷெஃபீல்டு யுனைடெட்டைப் பார்க்கலாம். பயிற்சியாளர் கிறிஸ் வைல்டர் பழைய கட்டமைப்பைக் கலைக்கவில்லை. மூன்று சென்டர் பேக்குகளில் (நடுவில் நின்று தடுப்பவர்கள்) ஓரத்தில் ஆடும் பாஷமும் ஓ'கானலும் விங் பேக்கையும் (பக்கவாட்டில் ஏறி இறங்கி ஆடுபவர்) தாண்டி மேலே ஓடுவார்கள். அவர்கள் விட்டுவந்த இடத்தை யார் அடைப்பது என்பது அணியில் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். இந்தப் பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. 20 அணிகளில் 9ஆம் இடம் பிடித்தார்கள். ஆனால் அடுத்த சீசனில் ஓ'கானல் காயம்பட்டபோது அந்த வேலையைச் செய்ய இணையான ஆள் இல்லை. கடைசி இடத்தில் முடித்து கீழ்ப்பிரிவுக்கு இறங்கினார்கள்.

மொத்தமாக வாங்கிய ஃபுல்ஹாம், 2018-19இல் 10 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்தும் 19ஆம் இடத்தில் முடித்து இறங்கியது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 2022இல் 20க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து 16ஆம் இடத்தில் முடித்து, இறங்காமல் தப்பியது. சரி, அவர்களுக்கு வேறு வழியும் குறைவு; ஏறவைத்தவர்களில் பலர் வேறு கிளப்புகளிலிருந்து லோனில் (தற்காலிகமாக) வந்தவர்கள், திரும்பிப் போய்விட்டார்கள். அப்புறம் நஷ்டத்துக்கு வரம்பு வைக்கும் லீக்கின் நிதி விதியை மீறியதற்காக 2023-24இல் 4 புள்ளிகள் பறிபோயின.

என் ஓட்டு முதல் வழிக்குத்தான். ஆனால் கோல்கீப்பர், ஸ்ட்ரைக்கர் இரண்டு இடத்திலும் தயங்காமல் செலவழிக்க வேண்டும். ஆட்டமுறையைத் தாங்கிப் பிடிக்கும் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும்.