இலவச ஸ்கேன் என்று நம்பிப் போய் 17 நாள் போச்சு, நீங்களும் போய் மாட்டாதீர்கள்

அமெரிக்காவுக்கு வந்து கொஞ்ச வருடமே ஆன நம் பெண்களுக்காக எழுதுகிறேன். நாங்கள் நார்த் கரோலினாவில் ராலே பக்கம் இருக்கிறோம். போன வருடம் சின்னவனுக்கு 9 மாதம், பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் நாள் கணக்கே ஒழுங்கில்லை, தள்ளிப்போயிருப்பது தாமதமாகத்தான் உறைத்தது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் கம்பெனி மாறியிருந்தார், புது இன்சூரன்ஸ் இன்னும் வரவில்லை. இலவச கர்ப்பப் பரிசோதனை என்று போனில் தேடி, முதலில் வந்த இடத்துக்குப் போனேன்.

பார்க்க க்ளினிக் மாதிரியேதான் இருந்தது. ரிசப்ஷன், ஃபார்ம், ஆஸ்பத்திரியில் நர்ஸ் போடுகிற மாதிரி பச்சை ஸ்க்ரப்ஸ் உடை போட்ட ஒரு அம்மா. ஃபார்மில் எந்த சர்ச்சுக்குப் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும், புத்தி வரவில்லை. யூரின் டெஸ்டில் இரண்டு கோடு. "6 வாரம் இருக்கும், அவசரமே இல்லை, நிறைய கர்ப்பம் தானாகவே கலைந்துவிடும், முதலில் ஸ்கேன் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா என் உள்ளங்கையில் ஒரு குட்டி பிளாஸ்டிக் குழந்தையை வைத்து என் விரல்களை மூடினார். விரல் நீளம்தான். கூட வந்த அட்டையில் 12 வாரம் என்று அச்சடித்திருந்தது. எனக்கு 6 வாரம் என்று இப்போதுதானே சொன்னார்? கேட்கத் தோன்றவில்லை, அழுதுகொண்டிருந்தேன். வீட்டில் மூத்தவள் அதை என் ஹேண்ட்பேகிலிருந்து எடுத்து, தன் பொம்மைக்குப் பக்கத்தில் கர்ச்சீப் போர்த்திப் படுக்க வைத்துவிட்டாள்.

ஸ்கேனுக்கு 10 நாள் கழித்துத் தேதி. அன்று காலையில் போன் வந்தது, ஸ்கேன் எடுப்பவர் லீவாம், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரமும் அதே பாட்டு. 17-வது நாள் பயம் பிடித்துக்கொண்டது, கைக்காசைப் போட்டு ஒரு மகப்பேறு டாக்டரிடம் போனால் 10 வாரம் 4 நாள் என்கிறார். இந்த மாநிலத்தில் 2023 ஜூலையிலிருந்து கருக்கலைப்புக்குப் பொதுவாக 12 வாரம்தான் வரம்பு, அதற்கும் 72 மணி நேரம் முன்னால் நேரில் போய் ஆலோசனை கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஆக கையில் 10 நாள், அதில் 3 நாள் சட்டத்துக்கு. என்ன முடிவெடுத்தோம் என்பது எங்கள் வீட்டு விஷயம். ஆனால் உட்கார்ந்து நிதானமாக யோசிக்க வேண்டிய நாளையெல்லாம் அந்த இடம் தின்றுவிட்டது.

இவற்றுக்கு 'க்ரைசிஸ் ப்ரெக்னன்சி சென்டர்' என்று பெயர் என்பதே அப்புறம்தான் தெரியும். நாடு முழுக்க சுமார் 2,500 இருக்கின்றன, கருக்கலைப்பு செய்யும் க்ளினிக்குகளைவிட அதிகம். கலைக்க விடாமல் மனதை மாற்றுவதுதான் வேலை, பெரும்பாலும் கிறிஸ்தவ அமைப்புகள் நடத்துபவை, பலவற்றுக்கு மருத்துவ லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லை என்றால் அதை எழுதி ஒட்ட வேண்டும் என்று கலிஃபோர்னியா 2015-ல் சட்டம் போட்டது, பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதை நிறுத்திவிட்டது. நல்லது செய்வதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இப்படி ஓர் இடத்தில் டயபரும் கார் சீட்டும் கொடுத்தார்கள், அவர் இன்றும் வாழ்த்துகிறார். சரி, கொடுக்கட்டும். ஆனால் மனதை மாற்றத்தான் இருக்கிறோம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டுக் கொடுக்கலாமே, ஸ்க்ரப்ஸ் வேஷம் எதற்கு?

இன்னொன்று, ஃபார்மில் போன் நம்பர், முகவரி எல்லாம் எழுதிக் கொடுத்தேன். இன்சூரன்ஸுக்கு பில் போடாத இலவச இடம் என்பதால் ஹிப்பா என்கிற மருத்துவ ரகசியச் சட்டம் பெரும்பாலும் இவர்களைக் கட்டுப்படுத்தாது. "குழந்தை எப்படி இருக்கிறது?" என்று மாதக்கணக்கில் மெசேஜ் வந்தது.

கூகுளில் அபார்ஷன் என்று தேடினால் விளம்பரத்துக்குக் கீழே 'இங்கே கருக்கலைப்பு செய்வதில்லை' என்று குட்டி எழுத்தில் இருக்கும், என்னைப் போல வேறு சொல் போட்டுத் தேடினால் அது வராமல் போகலாம். அதனால் கிளம்பும் முன் போன் போட்டு மூன்றே கேள்வி கேளுங்கள்: டாக்டர் இருக்கிறாரா, லைசென்ஸ் உண்டா, கருக்கலைப்பு செய்வீர்களா, இல்லை என்றால் செய்யும் இடத்துக்கு அனுப்புவீர்களா. "நேரில் வாங்க, பேசலாம்" என்று இழுத்தால் போனை வைத்துவிடுங்கள்.