பெரம்பூர் பொது மட்பாண்டக் கூடத்தில் மூன்று ஆண்டுகள்

பெரம்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், ஒரு பழைய வீட்டின் தரைத்தளத்தில் இயங்கும் பொது மட்பாண்டக் கூடத்தில் 2022 ஜூன் முதல் மூன்று ஆண்டுகள் உறுப்பினராக இருந்து, அண்மையில் நான்காம் ஆண்டுக்கும் பணம் கட்டியிருக்கிறேன். ஐந்து மின்சக்கரங்கள், மண் பிசைய ஒரு கடப்பைக்கல் மேசை, ஆளுக்கொரு தட்டு என்ற கணக்கில் இரும்பு அலமாரிகள், பின்கட்டில் ஒரு மின்சூளை. இவ்வளவுதான் அங்கே உள்ளவை. சேர வருபவர்கள் பெரும்பாலும் சக்கரங்களைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். சூளையைப் பற்றித்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்பேன். சக்கரத்தில் அவரவர் வேலையை அவரவர் செய்துகொள்ளலாம். சூளையில் இருபது பேரின் பொருள்களும் ஒரே நெருப்பில் நிற்கின்றன.

முதல் மூன்று மாதங்கள் மண்ணுருண்டையைச் சக்கரத்தின் நடுவில் ஆடாமல் நிறுத்தப் பழகுவதிலேயே கழிந்தன. பிறகு வனைந்த கிண்ணங்களின் அடிப்பகுதியை விரலால் அழுத்தி இறுக்காமல் விட்டதால், அவை காயும்போது எஸ் வடிவில் விரிசல் கண்டன. வீட்டிலுள்ள பித்தளை டபராவுக்குப் பொருந்துமாறு அளவெடுத்து ஒரு டம்ளர் செய்தேன். ஸ்டோன்வேர் எனப்படும், உயர்வெப்பத்தில் சுடும் மண், ஈரநிலையிலிருந்து இறுதிச் சுடுகை முடிவதற்குள் ஏறத்தாழ 12 விழுக்காடு சுருங்கும் என்று சொல்லியிருந்தும் கணக்கில் கொள்ளவில்லை. டம்ளர் டபராவுக்குள் குழந்தையின் விளையாட்டுச் சாமான்போல் உட்கார்ந்திருந்தது.

வடசென்னையின் கடற்காற்றில் மண்ணை உலர்த்துவது தனி வித்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு குவளை காய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கத்திரி வெயிலிலோ மெல்லிய கைப்பிடி முதலில் காய்ந்து, ஈரமாக உள்ள உடலிலிருந்து பிளந்துகொள்ளும். அதனால் மே மாதத்தில் பொருள்களைப் பிளாஸ்டிக் தாளால் மூடி வைப்பதோடு, யாரேனும் கைப்பிடி ஒட்டும் நேரத்தில் மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். வியர்வையில் நனைந்தபடி மற்றவரின் கைப்பிடிக்காகக் காத்திருக்கும் அந்த அரைமணி நேரத்தில்தான் அங்கே நட்பும் மனத்தாங்கலும் பிறக்கின்றன. (விசிறி குறித்த சண்டைகளில் நானும் இருமுறை பங்கேற்றிருக்கிறேன்.)

காய்ந்த பச்சைப் பொருளை இறுகவைக்கும் முதற்சுடுகை 1000 பாகை செல்சியஸ் அளவிலும், கண்ணாடிபோல் உருகிப் படியும் மெருகைப் பூசிய பின் செய்யும் மெருகுச் சுடுகை 1220 அளவிலும் நடக்கும். 573 பாகையில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் சூடேறுகையில் திடீரென விரிந்து, ஆறுகையில் சுருங்குவதால், ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். சுட்டு முடித்த பிறகும் ஒரு நாளுக்குக் குறையாமல் ஆறவிட்டால்தான் கதவைத் திறக்கலாம். ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் பணியாற்றி ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் சூளையின் வெப்பக் கம்பிகளைக் கவனித்துக்கொள்கிறார். "சார், லேசாகத் திறந்து பார்க்கலாமா?" என்று கேட்கும் புதியவர்களிடம், "நாளைக்கு வாம்மா" என்பதற்கு மேல் அவர் ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை.

இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில், கொசப்பேட்டையில் பிள்ளையார் சிலை செய்பவர் ஒருவரிடம் கொஞ்சம் மண் வாங்கிவந்து சிறு கிண்ணம் வனைந்தேன். இரும்பு மிகுந்த அந்த மண் விரல்களுக்கு வெண்ணெய்போல் இணங்கியது. முதற்சுடுகையில் அழகான செம்மையும் பெற்றது. என்ன மண் என்று அடியில் எந்தக் குறியும் இடாமல், அதை மெருகுச் சுடுகைக்கான வரிசையில் வைத்துவிட்டேன். அத்தகைய நாட்டு மண் 1220 பாகையைத் தாங்காது. கிண்ணம் உப்பி, குழைந்து, சூளைத் தட்டில் கரும்பழுப்பாக வழிந்து, பக்கத்திலிருந்த மற்றவர்களின் இரண்டு குவளைகளையும் பிடித்துக்கொண்டது. அவற்றில் ஒன்று, கூடத்துக்கு வியாசர்பாடியிலிருந்து வரும் அக்கா ஒருவர் தம் மகளின் பிறந்தநாளுக்காகச் செய்தது. அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது கூடத்துக்குள் முழங்கால் அளவுத் தண்ணீர் புகுந்தது. கீழ்த்தட்டுகளில் முதற்சுடுகை முடிந்த பொருள்கள் சேறு படிந்ததோடு தப்பின. சுடாத பச்சைப் பொருள்கள் அனைத்தும் கரைந்து ஒரே கூழாகிவிட்டன. சூளை உயரமான மேடையில் இருந்ததால் பிழைத்தது. வடிகட்டிய கூழைப் பிளாஸ்டர் பலகைகளில் பரப்பி நீரை உறிஞ்சவிட்டு, முறை வைத்துப் பிசைந்தோம். யாருடைய சாடி, யாருடைய தட்டு என்று பிரிக்க முடியாத அந்த மண்ணிலிருந்துதான், அக்காவின் மகளுக்குப் புதிய குவளை ஒன்றை வனைந்து கொடுத்தேன்.

குறைகளும் உண்டு. மாதம் 3,000 ரூபாயும் அதற்கு மேல் எடைக்கேற்பச் சுடுகைக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, மழைக்காலத்தில் ஒரு சுடுகைக்கு ஐந்து வாரம் காக்கவைப்பது நியாயமன்று. நீல மெருகில் தோய்த்த தூரிகையை வெள்ளை மெருகு வாளியில் போடுபவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் கூட்டக்கூடாது, சிலிக்காத் தூசு நுரையீரலுக்குக் கேடு, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும் என்ற விதியை மட்டும் எல்லாரும் கடைப்பிடிக்கிறார்கள்.

வழிந்த மண்ணை உளியால் செதுக்கி எடுத்த பிறகும் அந்தச் சூளைத் தட்டில் உள்ளங்கை அளவுத் தழும்பு இருக்கிறது. சூளையை அடுக்கும்போது அந்த இடத்தின்மேல் என் பொருள்களைத்தான் வைப்பார்கள். அப்படி வைக்கும்படி யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.