அமெரிக்கச் சிறு லீக்கா, ஜெர்மனியின் கீழ்ப் பிரிவா?

பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அணியில் என் கடைசி ஆட்டம் முடிந்தபோது எனக்கு 24 வயது. வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்எச்எல்லில் ஆடும் கனவு அதற்கு முன்பே கலைந்திருந்தது. ஆனாலும் சம்பளம் வாங்கிக்கொண்டு சில ஆண்டுகளாவது ஆட வேண்டும் என்ற ஆசை விடவில்லை. ஒரு பக்கம் அமெரிக்காவின் சிறு லீக்கான ஈசிஎச்எல், அதற்கும் கீழே எஸ்பிஎச்எல். மறுபக்கம் ஜெர்மனியின் இரண்டாம் பிரிவான டிஇஎல்2, மூன்றாம் பிரிவான ஓபர்லீகா. முதலில் அமெரிக்கா போனேன். பிறகு ஓபர்லீகாவில் மூன்று பருவங்கள் ஆடினேன். இன்று யார் கேட்டாலும் ஜெர்மனி என்றே சொல்வேன்.

சம்பளத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இரண்டு இடத்திலும் சேமிக்கும் அளவுக்குக் கிடைக்காது; தங்குமிடத்தைப் பெரும்பாலும் கிளப்பே தந்துவிடும். ஈசிஎச்எல் பருவத்தில் 72 ஆட்டங்கள், அடுத்தடுத்து மூன்று இரவுகள் ஆடும் வாரங்களும் உண்டு. ஓபர்லீகாவில் பொதுவாக வெள்ளியும் ஞாயிறும் ஆட்டம், நடுவில் உடம்பு தேறிக்கொள்ளும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: உங்களை எவ்வளவு எளிதாக வெளியே அனுப்ப முடியும்?

அமெரிக்க ஏணி மேலிருந்து கீழாக அசைகிறது. என்எச்எல்லில் ஒருவர் காயமடைந்தால் அதற்கு அடுத்த படியான ஏஎச்எல்லிலிருந்து ஒருவர் மேலே போகிறார், அவர் இடத்துக்கு ஈசிஎச்எல் வீரர், அவர் இடத்துக்கு எஸ்பிஎச்எல் வீரர். காயம் ஆறியதும் எல்லோரும் ஒரு படி கீழே இறங்குகிறார்கள். கடைசிப் படியில் நிற்பவனுக்கு இறங்க இடமே இல்லை. நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலைப் பயிற்சிக்கு முன் என்னைக் கூப்பிட்டு விடுவித்தார்கள். முந்தைய ஆட்டத்தில்தான் ஒரு கோல் போட்டிருந்தேன். மேலேயிருந்து ஒருவர் திரும்பி வந்திருந்தார், அவ்வளவுதான் காரணம். வேலையோடு வீடும் போனது. இரண்டு நாளில் காலி செய்தேன். அந்த வாரத்தோடு சம்பளமும் நின்றது.

ஜெர்மனியில் என் ஒப்பந்தம் முழுப் பருவத்துக்குமானது. அங்கே கிளப்பின் கையையும் விதிகள் கட்டிப்போடுகின்றன. அயல்நாட்டு வீரர்களுக்கு உச்சவரம்பு உண்டு. நான் ஆடிய காலத்தில் டிஇஎல்2இல் ஓர் ஆட்டத்துக்கு நான்கு பேர்தான், ஓபர்லீகாவில் அதைவிடக் குறைவு. வெளிநாட்டிலிருந்து வருபவருக்குச் சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பின் இடமாற்ற அட்டையும் தேவை. இத்தனையும் செய்து அழைத்து வந்தவனை ஒரு மோசமான வாரத்துக்காக யாரும் அனுப்பிவிடுவதில்லை. முதல் ஆறு ஆட்டங்களில் நான் ஒரு கோல்கூடப் போடவில்லை. பயிற்சியாளர் என்னை வேறு வரிசைக்கு, அதாவது சேர்ந்து களமிறங்கும் வேறு முன்கள வீரர்களோடு, மாற்றிப் பார்த்தார், வீட்டுக்கு அனுப்பவில்லை. ஏழாவது ஆட்டத்தில்தான் கணக்கு தொடங்கியது. அமெரிக்காவில் அந்த ஏழாவது ஆட்டம் எனக்குக் கிடைத்திருக்காது.

இதே உச்சவரம்பு சிலருக்குக் கதவை அடைத்துவிடும். அந்தச் சில இடங்களைக் கோல் அடிப்பவர்களுக்கே கொடுப்பார்கள். பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) தடுப்பதில் மட்டும் கெட்டிக்காரரான தடுப்பாட்டக்காரருக்கு அழைப்பு வருவது அரிது. தாத்தாவோ பாட்டியோ ஜெர்மானியர் என்றால் முதல் வேலையாக ஜெர்மன் கடவுச்சீட்டுக்குத் தகுதி உண்டா என்று பாருங்கள். அது கிடைத்தால் அந்த வரம்புக்குள்ளேயே வர மாட்டீர்கள். அப்படி வந்த கனடியர்கள் அங்கே நிறைய.

என்எச்எல் நம்பிக்கை இன்னும் உயிரோடு இருப்பவருக்கு என் ஆலோசனை பொருந்தாது. அவர் அமெரிக்காவிலேயே இருக்க வேண்டும். ஜொனாதன் குவிக், ஜோர்டான் பின்னிங்டன் இருவரும் ஈசிஎச்எல்லில் ஆடிவிட்டுப் போய் என்எச்எல்லின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பை வென்ற கோல்கீப்பர்கள். ஓபர்லீகாவிலிருந்து அப்படி ஒரு பாதை கிடையாது.

நான் சொல்வது முன்கள வீரன் ஒருவனின் அனுபவம். கோல்கீப்பர்களின் சந்தை வேறு. ஸ்வீடன், பின்லாந்து கீழ்ப் பிரிவுகளில் நான் ஆடியதில்லை. பிரிட்டன் பக்கம் போன என் நண்பர்கள் சிலர் கிளப் உதவியோடு முதுகலைப் படிப்பையும் முடித்தார்கள். படிக்கும் எண்ணம் இருந்தால் அதைத் தனியாக விசாரிக்கலாம்.

ஜெர்மனியிலும் எல்லாம் பத்திரம் என்று நினைக்காதீர்கள். சிறு கிளப்புகள் பருவத்தின் நடுவிலேயே திவாலாவது உண்டு. எனவே கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: காயமடைந்தால் சம்பளம் தொடருமா, ஒப்பந்தத்தைக் கிளப் முறித்தால் எத்தனை வாரச் சம்பளம், அதன்பின் வீட்டில் எத்தனை நாள் இருக்கலாம்.