201/165 இல்லை, என் லிசார்டன் போலி

ஜப்பானில் இருந்துகொண்டு பழைய பொருள் விற்கும் ஆப்களில் போக்கிமான் கார்டு வாங்குகிறவர்கள் கவனிக்கவும். நான் வாங்கியது லிசார்டன் இஎக்ஸ், நம் பிள்ளைகள் சாரிசார்ட் என்று கூப்பிடும் அதே ஆசாமி. 2023 ஜூனில் வந்த 151 செட்டின் எஸ்ஏஆர் கார்டு, அதாவது தனி ஓவியம் போட்ட அரிய வகை. வீட்டுக்கு வந்தது போலி.

அடிமாட்டு விலை போட்டிருந்தால் யாருக்கும் சந்தேகம் தட்டும். இந்த ஆள் கடை விலையில் கொஞ்சம்தான் குறைத்திருந்தார். போட்ட படங்களோ அசல் கார்டுடையவை. கூடவே அந்த வழக்கமான வரி: "வீட்டில் வைத்திருந்தது, நுணுக்கம் பார்ப்பவர்கள் தவிர்க்கவும்."

காட்டிக்கொடுத்தது கார்டில் அச்சிட்ட எண்தான். ஜப்பானியப் பதிப்பில் இந்தக் கார்டு 201/165, பக்கத்தில் செட்டின் குறியீடு எஸ்வி2ஏ (sv2a) என்று இருக்கும். எனக்கு வந்ததில் 199/165. அது ஆங்கிலப் பதிப்பின் எண்! எல்லாப் போலிக்காரரும் இவ்வளவு அசட்டையாக இருக்க மாட்டார்கள். அதனால் கார்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அசல் எஸ்ஏஆரில் கைரேகை போல மெல்லிய வரிகள் படத்தின் போக்கிலேயே வளைந்து ஓடும், நகத்துக்கும் தட்டுப்படும். என்னுடையது வழவழவென்று இருந்தது. லென்ஸ் வைத்தால் கறுப்பு எழுத்துகள் இடைவெளி இல்லாத கெட்டி மையாகத் தெரிய வேண்டும். இதில் புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தன. பின்பக்கத்தை அதே செட்டின் மலிவான கார்டு ஒன்றோடு ஒட்டிவைத்து நிறம் பாருங்கள். கிழித்துப் பார் என்று சிலர் சொல்கிறார்கள். கிழித்த கார்டை யார் திருப்பி எடுப்பார்?

இதையெல்லாம் முடிக்கும்வரை 'பெற்றுக்கொண்டேன்' என்று மதிப்பெண் போடாதீர்கள். அது போட்டதும் பணம் விற்றவர் கைக்குப் போய்விடும். நான் போடவில்லை, அதனால்தான் பேச இடம் இருந்தது. விற்றவர் முதலில் "நானும் கடையில்தான் வாங்கினேன்" என்றார், பிறகு பாதிப் பணம் தருகிறேன் என்றார். ஆப் அலுவலகமோ "இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே பதிலை மறுபடி மறுபடி அனுப்பியது. லென்ஸ் வழியே எடுத்த படங்களை அனுப்பிய பிறகே விற்பனையை ரத்து செய்தார்கள். பணம் வந்தது. கணக்கை முடக்கவில்லை.

அதே கணக்கில் இப்போது பிஎஸ்ஏ (கார்டுகளைச் சோதித்துத் தரம் போடும் நிறுவனம்) பெட்டியில் அடைத்த கார்டுகள் விற்பனைக்கு இருக்கின்றன. பெட்டியையும் போலியாகச் செய்கிறார்கள், அதில் வேறொரு அசல் கார்டின் சான்று எண்ணையே அச்சடிக்கிறார்கள். எண்ணைத் தேடினால் சரியாகத்தான் வரும். பிஎஸ்ஏ தளத்தில் அந்த எண்ணுக்குப் படம் இருந்தால், ஓரங்களின் அகலத்தையும் கீறல்களையும் கையிலிருப்பதோடு ஒப்பிடுங்கள். படம் இல்லையென்றால் நான் வாங்க மாட்டேன்.